தரை தட்டிய நிச்சயதார்த்தம்

தம்பிகளே, சக்கரம் பிடிப்பதை உங்களுக்கு வேறு ஆள் கற்றுத்தருவார். கயிறு கட்டுவது, இன்ஜின் சத்தத்தை வைத்து அதன் நோய் சொல்வது, இதெல்லாம் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். நான் எழுதப்போவது அது இல்லை. தண்ணீரில் இருந்த இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை தரை தட்டினேன். அதை மட்டும் எழுதுகிறேன். ஒழுங்காக ஓட்டிய நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்கு ஊர் மார்டள்ளி, கர்நாடகத்தில் இருக்கும் ஒரு தமிழ் ஊர். ஏழாவதோடு படிப்பு முடிந்தது. முதலில் பரிசல், பிறகு மோட்டார் படகு, கடைசி ஆறு வருடம் நீங்கள் இப்போது வேலைக்கு ஏறியிருக்கும் இந்தக் கப்பல். விளம்பரத்தில் என்னைக் கேப்டன் என்று போட்டார்கள். ஏறுகிறவர்கள் டிரைவர் என்றார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

கப்பலை உங்களுக்குத் தெரியும். வெள்ளை வர்ணம், இரண்டு மாடி, ஏசி ஹால், சிவப்புக் கம்பளம், சோபா, ஹால் நடுவில் தொங்கும் கண்ணாடிச் சரவிளக்கு. ஹாலின் முன்பக்கம் ஓட்டும் அறை. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. திரும்பினால் ஹால் முழுவதும் தெரியும். கதவு திறந்திருந்தால் பேச்சும் கேட்கும். கதவை மூடியே வையுங்கள் என்பது என் முதல் புத்திமதி. தரை தட்டிய அன்று திறந்திருந்தது.

அணைக்குப் பின்னால் காவிரி தேங்கி நிற்கும் இந்தத் தண்ணீரைக் கன்னடத்தில் ஹின்னீரு என்கிறார்கள். அதற்கு அடியில் பழைய வயல்கள் இருக்கின்றன. வரப்பு, மேடு எல்லாம் அப்படியே இருக்கிறது. மாசி பிறந்தால் தண்ணீர் இறங்கும்; மேடுகள் கப்பலின் அடிவயிற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால்தான் ஆரஞ்சு டிரம்களை மிதக்கவிட்டு வழி குறித்திருக்கிறோம். அணை வருவதற்கு முன் ஆறு போன வழி அது. வளைந்து வளைந்துதான் போகும். அதை விட்டு வெளியே போகக் கூடாது. இது எனக்கும் தெரியும்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கப்பலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பெண் மைசூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அப்பா கட்டட மேஸ்திரி. மாப்பிள்ளை வீடு கொள்ளேகால், பட்டு வியாபாரம். மண்டபத்தில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்வார்கள் என்று மேஸ்திரி கப்பலில் வைத்தார். மண்டபத்தில் குறை சொல்கிறவர்கள் கப்பலிலும் சொல்வார்கள். அது அவருக்குத் தெரியவில்லை.

குறை சொல்வதற்கென்றே ஒருவர் வந்திருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன். அறுபது வயது இருக்கும். நல்ல கனம். மூன்று பேர் உட்காரும் சோபாவில் ஒருவராக உட்கார்ந்தார். அக்கா மகனுக்கு அவர் வேறு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாராம். பையன் இந்தப் பெண்தான் என்று சொல்லிவிட்டான். மாமனுக்கு வேண்டியது ஒரு சாக்கு. சமையல்காரர் மூலம் இந்தச் செய்தி என்னிடம் வந்தபோது கப்பல் புறப்பட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றரையிலிருந்து நாலரை வரை நல்ல நேரம். நாலரைக்கு ராகு காலம் பிறக்கும். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். பெண்ணும் பையனும் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும். மாமன் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து கிழக்கைக் கண்டுபிடித்தார். பாய் விரித்தார்கள். நான் வளைவில் திரும்பினேன். பாய் தெற்கே பார்த்தது. பாயைத் திருப்பினார்கள். அடுத்த வளைவு வந்தது. மூன்றாவது முறை மாமன் கண்ணாடிக் கதவுக்கு வந்தார்.

"ஏனுங்க டிரைவர், கிழக்கு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதே."

"கப்பல் திரும்புதுங்க."

"அதைத்தான் சொல்றேன். திருப்பாம ஓட்டுங்க. தட்டு மாத்தற வரைக்கும் மூஞ்சி கிழக்கயே இருக்கோணும்."

"நங்கூரம் போட்டு நிறுத்தட்டுங்களா?"

"நல்ல காரியம் நடக்கறப்ப வண்டி ஓடிட்டே இருக்கோணும். நிக்கப்படாது. நின்னா தடங்கல்."

நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். வீட்டில் ராகு காலம் பார்ப்பதில்லை. அதனாலேயே மற்றவர் சாத்திரத்தில் வாய் வைக்க எனக்குப் பயம். ஆகட்டுங்க என்றேன். அது தவறில்லை. சொல்லிவிட்டுச் சக்கரத்தையும் திருப்பினேன். அதுதான் தவறு.

டிரம் வரிசை இடது பக்கம் விலகிப் போனது. நான் நேர் கிழக்கே போனேன். உள்தொடர்பு போனில் இன்ஜின்காரர் வந்தார். அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி கன்னடம்.

"யாக்கே அண்ணா, ஏன் டிரம்மை விட்டு வெளிய போறீங்க?"

"பார்ட்டி கேக்கறாங்க."

"பார்ட்டி கேட்டா அரமனை உள்ளயும் ஓட்டுவீங்களா?"

போனை வைத்தேன். ஐந்து நிமிட வேலை, தட்டு மாறியதும் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஹாலில் சீர்த்தட்டு பதினொன்று வைப்பதா ஒன்பது வைப்பதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். ஐந்து நிமிடம் பதினைந்தானது.

மூன்று ஐம்பதுக்குத் தரை தட்டியது.

பெரிய சத்தமெல்லாம் வராது. தலையணையில் முட்டிய மாதிரி இருக்கும். சரவிளக்குக் கண்ணாடிகள் ஒரு தரம் கிணுகிணுத்தன. கப்பலின் மூக்கு ஒரு பழைய வரப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. வால் பக்கம் ஆழத் தண்ணீர். அது மிதந்துகொண்டுதான் இருந்தது. ரிவர்ஸ் போட்டேன். காபி நிறத்தில் சேறு கொதித்து வந்தது. கப்பல் அசையவில்லை.

உயிருக்கு ஆபத்து இல்லை. முன்னால் இறங்கி நடந்தால் இடுப்புக்கு மேல் நனையாது. கரைக்குப் போன் செய்தேன். சிறு படகு வர ஒரு மணி நேரம் என்றார்கள். அதற்குள் ராகு காலம் வந்துவிடும்.

இந்த இடத்தில் இரண்டாவது தவறு. முதல் தவறைவிடப் பெரியது. மைக்கை எடுத்தேன்.

"போட்டோ எடுப்பவர்களின் வசதிக்காகக் கப்பல் சிறிது நேரம் நிறுத்தப்பட்டுள்ளது."

ஹாலில் இருந்த அறுபது பேரும் முன்னால் வந்தார்கள். எதிர்பார்த்திருக்க வேண்டும். போட்டோ என்றால் யார் வால் பக்கம் போவார்கள்? போட்டோகாரர் அவர்களை மூக்கின் நுனியில் மூன்று வரிசையாக நிறுத்தினார். உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால், மாமன் நடுவில். சிரிக்கச் சொன்னார். சிரித்தார்கள். மூக்கு இன்னும் ஒரு சாண் சேற்றில் இறங்கியது.

போனில் இன்ஜின்காரர் சொன்னார். "அண்ணா, நீங்க மைக்ல பேசப் பேச கப்பல் பூமிக்குள்ள போகுது. தயவு பண்ணி பேசாதீங்க."

மாமனுக்கு முதலில் மகிழ்ச்சிதான். செல்போனைப் பார்த்தார். முள் ஆடவில்லை.

"டிரைவர் கெட்டிக்காரருங்க. கிழக்க அப்படியே புடிச்சு வெச்சிருக்காரு."

பிறகு தண்ணீரைப் பார்த்தார். கப்பலுக்கு முன்னால், வரப்பின் மேல் ஒரு கொக்கு நடந்து போனது. முட்டியளவு தண்ணீரில், அவசரமில்லாமல் போனது. மாமன் அதையே பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"ஏனுங்க டிரைவர். இத்தாம்பெரிய கப்பல் மெதக்கற தண்ணியில கொக்கு எப்படீங்க நடக்குது?"

நான் பல பேரிடம் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். கொக்கை முன்னால் வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது.

"தரை தட்டிடுச்சுங்க," என்றேன். "போட்டோவுக்கு நிறுத்தினதுன்னு சொன்னது பொய்."

மாமன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நிதானமாகப் போய்த் தன் சோபாவில் உட்கார்ந்தார். துண்டை மடித்து மடியில் வைத்தார்.

"தடங்கல் ஆயிப்போச்சு. சகுனம் சரியில்லீங்க மேஸ்திரி. இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். மேஸ்திரி இரண்டு கையாலும் சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணின் அம்மா தட்டிலிருந்த பூவைச் சரி செய்தார். சரியாக இருந்த பூவைத்தான் சரி செய்தார்.

என்னால் கெட்டது ஒரு கப்பல் பயணம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மைக்கில் உண்மையைச் சொன்னேன். மூக்கு மண்ணில் இருக்கிறது, வாலில் எடை சேர்ந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், எல்லாரும் பின்னால் போங்கள், நாலரைக்கு முன் எடுத்துவிடலாம் என்றேன். விதிப்படி ஆரஞ்சு ஜாக்கெட்டும் போடச் சொன்னேன். பட்டுப் புடவைக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட். போட்டோகாரர் கேமராவை மூடிவிட்டார்.

ஜாக்கெட் போட்டார்கள். பின்னால் போகவில்லை. முன்வரிசைச் சோபாக்கள் மாப்பிள்ளை வீட்டாருக்கு. பின்வரிசை பெண் வீட்டாருக்கு. அதற்கும் பின்னால் சமையலறைக் கதவும் கை கழுவும் தொட்டியும்.

"மாப்ள ஊட்டுக்காரங்க போயி கை கழுவற எடத்துல நிக்கோணுமா?" என்று மாமன் கேட்டார். அவருடன் வந்த முப்பது பேரும் அவரவர் இடத்தில் அழுத்தி உட்கார்ந்தார்கள்.

பெண் வீட்டார் மரியாதை தெரிந்தவர்கள். சமாதானம் பேச முப்பது பேரும் எழுந்து முன்னால் வந்தார்கள். மூக்கு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

மணி நாலு பத்து. கண்ணாடிக் கதவில் அந்தப் பெண் வந்து நின்றாள். ஆரஞ்சு ஜாக்கெட், நெற்றிச்சுட்டி.

"அண்ணா, எத்தன பேர் பின்னாடி போகணும்?"

"எல்லாரும் போகணும்மா. சொல்லிப் பார்த்துட்டேன்."

"சொன்னா கேக்க மாட்டாங்கண்ணா. வார்டுல நாங்க பேஷன்ட்ட எழுப்பி நடக்க வைக்க மாட்டோம். கட்டிலைத் தள்ளிட்டுப் போவோம்."

"என்ன பண்ணப் போறே?"

"நீங்க இனிமே மைக் எடுக்காதீங்க," என்றாள். மைக்கைப் பற்றி அன்று எனக்குக் கிடைத்த இரண்டாவது எச்சரிக்கை. இந்த முறை கேட்டேன்.

அவள் ஹாலுக்குப் போனாள். பாயின் முன்னால் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை இரண்டு கையாலும் தூக்கினாள். நடு ஹால் வழியாகப் பின்னால் நடந்தாள். சுடர் அணையாத வேகத்தில் நடந்தாள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் விளக்கை வைத்தாள். வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போறே?" என்று மாமன் கேட்டார்.

"இங்கயும் அதே கிழக்குதான் மாமா. போன்ல பாருங்க."

மாமன் போனைப் பார்த்தார். அதே கிழக்குதான். கப்பலின் மூக்கிலும் வாலிலும் திசை ஒன்றுதான் என்பது எனக்கே அப்போதுதான் தோன்றியது.

அவள் வேறு யாரையும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளைப் பையனைப் பார்த்தாள். அவன் மாமன் பக்கத்தில் இருந்தான். அதிகம் பேசாத பையன். ஏறியதிலிருந்து அவன் குரலை நான் கேட்கவில்லை. பாதி எழுந்தான்.

"உக்காருடா," என்றார் மாமன்.

பையன் பாதி எழுந்த நிலையிலேயே இருந்தான். முட்டி வலித்திருக்கும். கப்பல் மேல் இருந்த கவலை அந்த நேரத்தில் எனக்கு இல்லை.

பையன் முழுதாக எழுந்தான். பாயைச் சுருட்டினான். கக்கத்தில் வைத்தான். பின்னால் போய் அவளுக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தான்.

விளக்கும் பாயும் போய்விட்ட பிறகு முன்னால் என்ன வேலை? தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் போனார்கள். பார்க்க வந்தவர்கள் போனார்கள். போட்டோகாரர் போனார். இன்ஜின்காரர் மேலே வந்து சரவிளக்கின் கீழ் நின்றார். தரை சாய்ந்தாலும் தொங்குவது நேராகத் தொங்கும். தூணுக்கும் விளக்குக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று தெரியும். எங்கள் கப்பலில் அந்த விளக்கால் கிடைத்த ஒரே உபயோகம் அதுதான்.

"வருது அண்ணா, வருது. போடுங்க ரிவர்ஸ்."

போட்டேன். கப்பல் நடுங்கியது. நகரவில்லை.

இன்ஜின்காரர் சரவிளக்கைப் பார்த்தார். பிறகு முன்வரிசைச் சோபாவைப் பார்த்தார். அதில் மாமன் மட்டும் இருந்தார். மணி நாலு இருபது. இன்ஜின்காரர் எண்ணெய்க் கையைக் கூப்பினார்.

"சார், ஸ்வல்ப பின்னாடி வரீங்களா? இன்னும் ஒரு விரல் பாக்கி."

"நான் ஒருத்தன் வந்துதான் கப்பல் நகரணுமா?"

"உங்க எடை சும்னே... சும்மா இல்ல சார்."

"கப்பல் நகந்தாத்தான் நான் எந்திரிப்பேன்."

"நீங்க எந்திரிச்சாத்தான் சார் கப்பல் நகரும்."

இந்தப் பேச்சு இப்படியே ராகு காலம் வரை போயிருக்கும். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பையனுடைய குரல். மெதுவாகத்தான் சொன்னான்.

"சித்தப்பா, மாமாவுக்குக் கால் வலி போல இருக்குது. நம்ம பக்கத்துத் தட்டை நீங்களே வாங்கிக்குங்க."

சித்தப்பா என்பவர் ஒல்லியான மனிதர். அதுவரை யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு தட்டுகளுக்கு முன்னால் வந்தார்.

மாமன் எழுந்தார்.

"தாய்மாமன் நான் உசுரோட இருக்கறப்ப எவன்டா தட்டு வாங்கறது?"

நடந்தார். கம்பளம் அதிர்ந்தது. சரவிளக்கைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பார். கப்பல் ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம் விட்டது. வழுக்கிக்கொண்டு பின்னால் இறங்கியது. எல்லாரும் ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தேங்காய் மட்டும் உருண்டு என் கதவு வரை வந்தது. கப்பலை எடுத்தது மாமன் எடையா, ரிவர்ஸா, காற்றா, எனக்குத் தெரியாது. இன்ஜின்காரர் இன்றுவரை எடை என்றுதான் சொல்கிறார்.

மணி நாலு இருபத்து நாலு. இப்போது திரும்பினால் கிழக்கு போய்விடும். திரும்பவில்லை. மெதுவாக, நேராக, வந்த வழியே பின்னால் போய்க்கொண்டிருந்தேன். சித்தப்பாவை ஒதுக்கிவிட்டு மாமன் தட்டுக்குக் கை நீட்டினார். அப்போது ஜன்னலைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க டிரைவர், கப்பல் பின்னால போவுது?"

மைக் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். கதவு வழியாகவே சொன்னேன்.

"ஆமாங்க. பின்னாலதான் போகுது. முன்னால மண்ணு."

எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தேழு.

"ஓடுதில்ல? போதும்," என்றார். தட்டை வாங்கினார்.

துறைக்கு வந்தபோது ஐந்தரை. மேனேஜர் லாக் புத்தகத்தோடு படிக்கட்டில் நின்றார். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். கிழக்கே ஓட்டினேன், தரை தட்டியது, பயணிகளிடம் பொய் சொன்னேன், என் தவறு என்று எழுதினேன். மேனேஜர் படித்தார்.

"கெழக்க ஓட்டுன்னு பார்ட்டி யாராவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க சார். ஓட்டினது நான்."

ஒரு மாதம் சக்கரத்தைத் தொடக் கூடாது, ஹாலில் காபி கொடு என்றார். நியாயம்தான். ஒரு மாதம் காபி கொடுத்தேன். தினமும் யாராவது ஒருவர் ஓட்டும் அறைக்குப் போய் ஏதாவது கேட்டார்கள். மரத்தடியில் நிறுத்து, அந்தப் படகை முந்து, எங்கள் தோட்டம் தெரிகிற மாதிரிப் போ. எனக்குப் பதில் ஓட்டியவர் எல்லாவற்றுக்கும் ஆகட்டுங்க என்றார். கை மட்டும் டிரம் வரிசையிலேயே இருந்தது. கேட்டவர்கள் திருப்தியாகத் திரும்பி வந்து காபி குடித்தார்கள். கேட்டதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. பல வருடம் ஓட்டியும் நான் இதைச் சக்கரத்துக்குப் பின்னால் நின்று கற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இறங்கிய பிறகு அந்தப் பெண் கடைசியாக வந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"எங்களால உங்களுக்குத் திட்டு விழுந்துச்சா அண்ணா?"

"என்னாலதாம்மா. கிழக்கே ஓட்டாம இருந்திருந்தா உனக்கு இந்தத் தொல்லை இல்லை."

அவள் துறையைப் பார்த்தாள். அங்கே மாமன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பையன் தலையாட்டிக்கொண்டு, சுருட்டிய பாயை இன்னும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மூணு மாசமா போன்ல பேசறோம்ணா. நல்லாத்தான் பேசுவாரு. மாமா உட்காருன்னா எந்திரிக்கிற ஆளான்னு மட்டும் தெரியாம இருந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது?" என்றாள். பிறகு, "எந்திரிக்கலன்னா நானே விளக்க அணைச்சிருப்பேன்," என்றாள்.

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இறங்கிப் போய்விட்டாள்.

தம்பிகளே, இதைப் படித்துவிட்டு நீங்கள் யாரும் கிழக்கே ஓட்டிவிடாதீர்கள். எல்லாப் பயணத்திலும் அப்படி ஒரு பெண் இருக்கமாட்டாள்.